ஈர சிமெண்டில் அம்மா போட்ட கோலம்

தெருவில் மனிதர்கள் கூடிப் பழக என்ன செய்யலாம் என்று படம் வரைவதுதான் இன்று எனக்குச் சம்பளம் தரும் வேலை. அதில் நான் கெட்டிக்காரிதான். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு யாரும் வரைந்து தராமலே அமைந்தது. முதல் கோடு அம்மா போட்டது.

அப்பா ரோட்டு வேலையில் தினக்கூலி. வேலை நிரந்தரமாக ஓவர்சியர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்கே கான்கிரீட் போடும் வேலை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டு முடித்தார்கள். ஒன்பது வயதான நான் கையில் குச்சியுடன் நாயையும் கோழியையும் விரட்டிக் காவல் காத்தேன். அம்மாவிடமிருந்து காக்க வேண்டும் என்று யார் கண்டார்கள்?

விளக்கு வைக்கும் நேரம். வெள்ளிக்கிழமை வாசல் வெறுமையாக இருக்கலாமா? காய்ந்துவிட்டது என்று நினைத்து அம்மா படியில் நின்றபடி குனிந்து புள்ளி வைத்தாள். விரல் உள்ளே போயிற்று. பாதியில் விட்ட கோலம் வீட்டுக்கு ஆகாதென்று முழுசாகவே போட்டு முடித்தாள்.

கொத்துக்கரண்டியை எல்லாம் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வந்த அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தத் தெருவில கோலம் போடுற தமிழ் வீடு நம்ம வீடு ஒண்ணுதான். ஆருன்னு ஓவர்சியர் கேக்கவே வேண்டாம். என் வேலை போச்சு."

பக்கத்து வீட்டுச் சேச்சி காதில் இது விழுந்தது. வந்து பார்த்தாள். தன் வீட்டுப் பலா மரத்தில் ஓர் இலையைப் பறித்து, தன் வாசல் சிமெண்டில் வைத்து அழுத்தினாள். எதிரே சாயாக்கடை வைத்திருந்த, எல்லாரும் இக்கா என்று கூப்பிடும் அண்ணன் கண்ணாடி கிளாசுகளைக் கவிழ்த்து வட்டம் வட்டமாகப் பதித்தார். தெருக்கோடி வீட்டுக்காரி தன் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்திப் பாதம் பதிய வைத்தாள்.

நான் குச்சியோடு ஓடினேன். "தொடாதீங்க! எங்க அப்பா போட்ட ரோடு!"

"நீ அவிட நில்லு மோளே. ஞங்ஙளுக்கும் வேணும் ஒரு கோலம்" என்றாள் சேச்சி.

மறுநாள் காலை ஓவர்சியர் வந்தார். "ஆரா இது செய்தது?"

"ஞங்ஙள் எல்லாரும்தான் சாறே. எல்லா பேரும் எழுதிக்கோ" என்றாள் சேச்சி.

அவர் தெருவை ஒரு முறை நடந்து பார்த்தார். நோட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இக்கா கடையில் ஒரு சாயா குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷம் அப்பா நிரந்தரமானார். ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் அது கோல ரோடுதான்.

சேச்சியோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. அவள் சுட்டுத் தந்த கள்ளப்பத்தை மட்டும் வாங்கித் தின்றேன்.

அம்மா கோலம் போட்ட அந்தச் சாயங்காலம் ஒவ்வொரு வாசலாக அச்சு விழ விழ, அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரோடு பாழாகிவிட்ட துக்கம் என்று நினைத்து, நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்துச் சொன்னேன்: "அழாதீங்கப்பா, இவங்க யாரும் இல்லாத இடத்தில வேற ரோடு போட்டுக்கலாம்."