கடலைப் பார்த்திருந்த ஆண்டெனா

இந்த ஊர்ப் பேருந்தில் யாருடைய போனாவது அடித்துவிட்டால் அவர் முகம் சிவந்துபோகிறது. திருட்டுப் பொருள் ஒன்று சட்டைப் பைக்குள்ளிருந்து கத்துவதைப் போலப் பதறிக்கொண்டு அணைக்கிறார். பேசியே தீரவேண்டும் என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பனியில் நின்று பேசிவிட்டு, அதற்கடுத்த பேருந்தில் ஏறிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் இருப்பது பின்லாந்தில், ஒவுலு என்கிற வடக்குக் கடலோர நகரத்தில். மனித வாடையே இல்லாத காட்டுக்குள் போனாலும் இங்கே சிக்னல் முழுதாக நிற்கும். பேசுகிற ஆள்தான் இல்லை. நம்முடைய திருவொற்றியூர் பேருந்தை நினைத்துப் பாருங்கள். காசிமேட்டில் ஏறுகிற அம்மாவின் இறால் வியாபாரம், பின்சீட்டுக் கல்லூரிப் பெண்ணின் காதல் சண்டை, யாரோ ஒருவரின் மருமகள் புகார், எல்லாம் எர்ணாவூர் வருவதற்குள் நமக்கு மனப்பாடமாகிவிடும். இங்கே வந்த முதல் ஆண்டில், என்னோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த அமைதி தாங்காமல் புலம்பின. எனக்கோ அது மருந்தாக இருந்தது. போன் அடிக்காத ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்ததே போதும் என்றிருந்தேன். அதற்கான காரணத்தை நான் இதுவரை எழுதியதில்லை.

நான் திருவொற்றியூரில், கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தவள். எங்கள் தெருவில் முதலில் இன்ஜினியரிங் முடித்தவளும் நான்தான். படிப்பு முடிந்ததும் ஒரு சிறிய செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்தது. டவர்களில் ஆண்டெனா எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. வீட்டில் அது யாருக்கும் புரியவில்லை. என் அம்மாவின் தம்பி செல்வம் மாமாவுக்கு மட்டும் புரிந்தது. மாமா பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே போன் செத்துவிடுகிறது என்று அவர் ஒருநாள் சொன்னார். எல்லாக் கம்பெனியின் ஆண்டெனாக்களும் ரோட்டையும் வீடுகளையும் பார்த்துக் குனிந்திருக்கும், கடலில் வாடிக்கையாளர் கிடையாதே என்றேன். "அப்ப நாங்க இன்னா, மீனா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. எர்ணாவூரில் கடலோரமாக எங்கள் கம்பெனியின் உயரமான டவர் ஒன்று நின்றது. ஏதோ காரணம் எழுதி அனுமதி வாங்கி, அதில் ஒரு ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி, நிமிர்த்திவைக்க ஏற்பாடு செய்தேன். மேலே ஆள் ஏறி நிற்க, கீழே நான் நிற்க, கடலுக்குள்ளிருந்து மாமா போனில் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப ஒரு கோடு கீது... இரு, இரு, ரெண்டு கோடு. இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லு." தூக்கினோம். "மூணு. கரையே கண்ணுக்குத் தெரியல, உன் குரல் மட்டும் பக்கத்து வூட்லர்ந்து கேக்குற மாதிரி கேக்குது." அந்த மாதத்துக்குள் குப்பத்தில் பாதிப் பேர் எங்கள் கம்பெனி சிம்முக்கு மாறிவிட்டார்கள். படகு கெட்டுப்போனால் போன் வரும், வேறொரு படகு போய் இழுத்து வரும். மாமா எல்லாரிடமும் "நம்ம பொண்ணு டவர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த நாட்களில் தேரடியிலிருந்து எல்லையம்மன் கோயில் வரைக்கும் நடந்தால் போதும், போட்டி என்றால் என்னவென்று கண்ணால் பார்த்துவிடலாம். பத்தடிக்கு ஒரு குடை, ஒவ்வொரு குடையும் ஒரு கம்பெனியின் நிறம். சிம் இலவசம், அதைப் போட்டால் பேச்சு இலவசம், ஆதார் அட்டை நகலும் கைரேகையும் மட்டும் கொடுத்தால் போதும். எங்களைப் போன்ற சிறிய கம்பெனிகள் பைசா பைசாவாக விலையைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, மிகப் பெரிய முதலாளி ஒருவர் உள்ளே வந்து எல்லாவற்றையும் சும்மாவே கொடுக்க ஆரம்பித்தார். ஜனங்களுக்குத் திருவிழாதான். மீன்கூடைக்காரம்மா துபாயிலிருக்கும் மகனை வீடியோவில் பார்த்துப் பேசினாள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் குடைகளின் நிறங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கியது, இன்னொன்று கடனில் மூழ்கியது. கடைசியில் இரண்டு மூன்று நிறங்கள்தான் மிஞ்சின. எங்கள் நிறம் அதில் இல்லை.

மூடுவது என்று முடிவானதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வட சென்னைப் பகுதி டவர்களில் எவற்றை முதலில் நிறுத்துவது என்று வரிசை போட்டுத் தரச் சொன்னார். வருமானம் குறைவு, டீசல் செலவு அதிகம் என்பதுதான் அளவுகோல். கம்ப்யூட்டர் சொன்னபடியே போட்டேன். எர்ணாவூர் டவர் மூன்றாவதாக வந்தது. வரிசையை மாற்ற என்னால் முடிந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாற்றவில்லை. அந்த வாரம்தான் பின்லாந்து வேலைக்கான கடிதம் வந்திருந்தது. கம்பெனியிலிருந்து நல்லபடியாக விடுவிப்புக் கடிதம் வாங்கியாக வேண்டும். "சனிக்கிழமை காலையில முதல் மூணு சைட் ஆஃப் ஆகும். வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது. கஸ்டமருக்கு மெசேஜ் போயிடும்" என்றார் மேனேஜர். தலையாட்டினேன். மெசேஜ் வெள்ளிக்கிழமை போனது. ஆங்கிலத்தில் போனது.

அன்று மாலை மாமா ஒரு பையில் நெத்திலி கொண்டுவந்து வாசலில் நின்றார். நாளைக்கு விடியுமுன்னே கிளம்புகிறோம், வடக்கே மீன் நல்லா படுதாம் என்றார். அவருடைய சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் படிக்கப்படாத அந்த மெசேஜும் இருந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன். "பாத்துப் போ மாமா" என்று மட்டும் சொன்னேன். காலையில் எழுந்து அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம், ஒருநாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டதாக ஞாபகம். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எந்த டவர் முதலில் என்பது வெளியே போனால் யார் சொன்னது என்று தேடுவார்களே என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தன.

சனிக்கிழமை மதியத்துக்குள் படகின் இன்ஜின் நின்றுவிட்டது. படகில் நான்கு பேர், இரண்டு போன்கள், இரண்டிலும் எங்கள் சிம். நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டே போனது. அதில் இருந்த குமார் பிறகு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னான்: "மாமா போன கைலயே வச்சிகினு இருந்தாரு. தூக்கித் தூக்கிப் பாத்துகினு இருந்தாரு. நாங்க கத்துனோம். 'இர்றா, நம்ம பொண்ணு டவரு, இப்ப வந்துரும்'னு சொல்லிகினே இருந்தாரு. ராத்திரி முச்சூடும் சொன்னாரு." மறுநாள் காலை காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பல் தெரிந்ததாம். கூப்பிட்டால் கேட்காத தூரம். காலி கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு மாமா குதித்தார். அன்று மதியம் பழவேற்காட்டுப் படகு ஒன்று மற்ற மூவரையும் கண்டுபிடித்தது. மாமா இரண்டு நாள் கழித்துக் கரைக்கு வந்தார், உடலாக.

அம்சா அத்தை, மாமாவின் மனைவி, என்னை எதுவும் கேட்கவில்லை. ஊரே "கம்பெனிக்காரன் நாசமாப் போவ" என்று திட்டியது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று அழுதேன். கம்பெனிக்காரி நான்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. விடுவிப்புக் கடிதத்தில் என் நடத்தை திருப்திகரமாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் விமானம் ஏறினேன்.

இங்கேயும் எனக்கு அதே வேலைதான். இந்தச் சின்ன நாட்டிலும் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. 5ஜி போன்ற புதிய தலைமுறைக்கு அலைவரிசை வேண்டும் என்பதற்காகப் பழைய தலைமுறை நெட்வொர்க்கை அணைத்துவருகின்றன. இந்தக் குளிர்காலத்தில் எங்கள் பட்டியலில் கடலோரமாக ஒரு தீவு வந்தது. அந்த நிலையத்தின் பதிவுகளைப் பார்த்தபோது, ஒரே ஒரு பழைய போன் தினமும் காலையில் அதில் இணைவது தெரிந்தது. யாருடையது என்று பெயர் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. என்னோடு வேலை செய்யும் யூஹாவிடம் சொன்னேன். "இரண்டு முறை கடிதம் அனுப்பியாகிவிட்டது" என்றான். "அவர் படிக்காமல் இருந்தால்?" என்றேன். "ஏன் படிக்காமல் இருக்கப் போகிறார்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். இங்கே கடல் உறைந்துவிடும். தீவுக்குப் பனிக்கட்டியின் மேலேயே கார் போகும். காரைத் தீவின் கரையில் நிறுத்திவிட்டு நடந்தேன். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, பனிக்கட்டியில் துளை போட்டு ஒரு வயதான மனிதர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த பின்னிஷில், உங்கள் வெர்க்கோ அடுத்த வாரம் மூடப்படுகிறது என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கையுறையைக் கழற்றி, உள்சட்டையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டி, "மினுல்லா ஒன் லுபா" என்றார். என்னிடம் அனுமதி இருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெர்க்கோ என்றால் நெட்வொர்க். மீன்பிடி வலையும் வெர்க்கோதான். மீன்வளத் துறையிலிருந்து வலையைப் பிடுங்க வந்தவள் என்று என்னை நினைத்துவிட்டார்.

நான் அவருடைய போனைச் சுட்டிக் காட்டினேன். அவர் முகம் தளர்ந்தது. கோட்டின் இன்னொரு பையிலிருந்து புத்தம் புதுப் போன் ஒன்றை எடுத்துக் காட்டினார். கடிதம் வந்தது, இரண்டு முறை வந்தது, மகளும் வந்து சொன்னாள், பழையது நிற்கிற அன்றைக்கு இதை எடுத்துக்கொள்வேன் என்று நிதானமாகச் சொன்னார். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாய் என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி வலையை இழுக்கத் தொடங்கினார். நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு மனிதருக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார்கள்.

அங்கேயே நின்று அம்சா அத்தைக்குப் போன் செய்தேன். தீபாவளி, பொங்கலுக்குப் பேசுவதுதான். எதுவுமில்லாத நாளில் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"இன்னாடி, காத்து இப்டி அடிக்குது? எங்க கீற?"

"கடல் மேல நிக்கிறேன் அத்தை."

"போட்லயா?"

"இல்ல, நடந்து வந்தேன். தண்ணி கெட்டியா ஒறஞ்சு கெடக்கு."

"கடல் மேல நடக்குறாளாம்" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள். மார்க்கெட்டில் இருந்தாள் போலிருக்கிறது. மீன் வெட்டும் சத்தம் கேட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அந்த டவரின் பேரை எழுதிக் கொடுத்தது நான்தான், வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும், மாமா வாசலில் வந்து நின்றபோது சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வெட்டும் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"சொல்லிருந்தா மட்டும் அவரு வூட்ல குந்திகினு இருந்திருப்பாரா?" என்றாள் அத்தை. "இருக்க மாட்டாரு. போயிருப்பாரு."

வலை இழுக்கிற கிழவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆனா தனியா போயிருக்க மாட்டாரு. எத்திராஜு போட்டுகூட ஜோடி சேத்துகினு போயிருப்பாரு. போன் இல்லாத காலத்துல அப்டித்தான் போவாங்க." பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இத்த பத்தி இனிமே எனக்கு போன் பண்ணாத. வேற இன்னாத்துக்குனா பண்ணு. எடுப்பேன்."

மறுபடி வெட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் வைத்துவிட்டாள்.

காரை நோக்கித் திரும்பினேன். புதுப் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வரும்போது கரையோரத்தில் தெரிந்த கற்களும் காய்ந்த நாணலும் அதற்குள் மூடிப்போயிருந்தன. முன்னால் எல்லாம் ஒரே வெள்ளை. எங்கே கடல் முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. கடற்கரையில் பிறந்தவள் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஈரமணலில் கால் வைத்ததும் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு அடியாக வைத்து, பூட்ஸை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அடியில் இருந்தது தரையா தண்ணீரா என்று கடைசிவரை என் காலுக்குத் தெரியவில்லை.