அம்மன் கண்ணில் கலந்த பொன்

திராவக நெடி மூக்கில் ஏறினால், எந்த நகைக்கடைச் சந்தில் நின்றாலும் என் காலில் வாழைத்தோட்டத்துச் சேறு ஒட்டும். கூடவே என் தங்கையின் முகம்.

அவள் பழம்பொன்னை ஆராய்பவள். தாமிரபரணிக் கரைத் தாழிகளில் செத்தவர்களோடு புதைந்த பொன் எந்த மண்ணில் பிறந்தது என்பதே அவள் கேள்வி. பொன் தனியாக வராது என்பாள். பிறந்த ஆற்றின் வெள்ளியை, வெள்ளீயத்தை, பிளாட்டினத்தைத் துளித்துளியாக மடியில் முடிந்துகொண்டே வரும். லேசரால் கண்ணுக்குத் தெரியாத அளவு சுரண்டினாலே சொல்லிவிடும், மலைநாட்டு ஆறா, கடலுக்கு அப்பாலா என்று. துறைமுகத்தை ஒட்டிய எங்கள் மொட்டைமாடியில் நின்று, "இந்தக் கடல் முத்தக் குடுத்துத்தான் அந்தப் பொன்ன வாங்கியிருப்பாங்கக்கா" என்பாள். அருங்காட்சியகப் பொன்னைத் தொட அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. மழைக்காலத்துக்குள் ஆய்வில் முடிவு ஒன்றைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

அப்போதுதான் தங்கை நம்பர் கொடுத்துவைத்திருந்த ஆற்றுக்கரை ஊரிலிருந்து ஒரு பெரியம்மாவின் போன். வாழைக்குக் குழி தோண்டியதில் உடைந்த தாழி, அதற்குள் இலைபோல் ஒரு பொன் தகடு. கழுவாதீங்க, தேய்க்காதீங்க, தாசில்தார்ட்ட நாங்களே பேசுதோம் என்றாள் தங்கை. அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் விடவில்லை.

"அது செத்தவங்க நெத்தியில கட்டுத பட்டம், பெரியம்மா!"

அனுமதிக் கையெழுத்துகளுக்கு அலைந்து, வாரக் கடைசியில்தான் போக முடிந்தது. பெரியம்மா வாசலிலேயே தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, வா. நீ சொன்னதும் எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. பொணத்துப் பொன்ன அரிசிப் பானைக்குள்ளல்லா வச்சிருந்தேன்! ஆசாரிட்ட குடுத்துத் தீயில எறக்கியாச்சு. தீட்டுப் போயிட்டு. பத்தலன்னு எங்கம்ம கம்மலையும் சேத்து உருக்கி அம்மனுக்குக் கண்மலரு சாத்திட்டேன். ஆனா கழுவவே இல்ல, பாத்துக்கோ. நீ சொன்ன மாதிரியே."

வாழைத்தோட்டத்துச் சேற்றில் இறங்கி ஆசாரியிடம் ஓடினோம்; பெரியம்மாவும் பின்னாலேயே வந்தாள். அவர் திராவகத்தில் எதையோ வெளுத்துக்கொண்டிருந்தார்; கண் கரித்தது. பொன் உருக்கிய மூசைக் கிண்ணத்தில் அதற்குள் யார் யார் மோதிரமோ உருகிப் போயிருந்தது. தங்கை விடாமல் அதன் உள்விளிம்பை விரலால் தடவினாள், குழந்தையின் வாயில் போன காசைத் தேடுகிறவளைப் போல.

"கம்மல் எங்க வாங்குனது, பெரியம்மா?" கம்மல் பொன்னின் கணக்கைக் கழித்துப் பார்த்தால் எஞ்சியது பேசுமோ என்ற கடைசி ஆசை தங்கைக்கு.

"எங்கம்மைக்கு அவ அம்ம போட்டது. அதுக்கு முந்தி யாரு கண்டா?"

கோயிலில் அம்மன் கண்மேல் பதித்த புதுப் பொன் மலர்களால் எங்களை உற்றுப் பார்த்தாள். எத்தனையோ காலம் மண்ணுக்குள் வாய்மூடிக் காத்திருந்த பொன், பேசப்போகும் நேரத்தில் இன்னொரு பொன்னோடு கலந்து ஊமையாகியிருந்தது. வெளியே தண்ணீர் பாய்கிற சத்தம். எந்த ஆறு, எந்த ஆறு என்று என் மண்டைக்குள் அடித்துக்கொண்டது.

"ஓரத்துல ஒரு துணுக்கு மட்டும்…" தங்கை கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை.

"சாமி கண்ணையா சொரண்டுவ? ஏளா, நல்லாத்தான் படிச்சிருக்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு எங்கள் ஸ்கூட்டரில் ஒரு சீப்பு வாழைப்பழம் மாட்டினாள்.

"போன் நம்பர மாத்திராத. இனி ஏதும் கெடச்சா தொடவே மாட்டேன், ஒன்னத்தான் கூப்பிடுவேன்."

ஹெல்மெட்டை மாட்டியபடி தங்கை சொன்னாள்: "கூப்பிடுங்க பெரியம்மா. ஆனா அப்ப நான் இந்த வேலையில இருக்க மாட்டேன்."