குற்றாலம் சாலையில் ஒரு கார்வெட்

இருபத்தோரு வருடமாக நான் காரின் இடப்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறேன். தென்காசியில் டிரைவிங் ஸ்கூல். கற்றுக்கொள்ள வருபவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். என் காலடியில் தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அவர்கள் மிதிக்க மறந்ததையெல்லாம் நான் மிதித்து மிதித்து, இடது முழங்கால் தேய்ந்துபோயிற்று. காலையில் படி இறங்கும்போதே வலி தொடங்கிவிடும்.

எனக்கு இந்தக் கார்ப் பைத்தியம் பிடித்தது ஒரு காலண்டரால். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலைக்கு நின்றேன். அங்கே சுவரில் நீல நிறத்தில் ஒரு கார்வெட் இருந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த வண்டி. முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் சட்டென்று சரிந்து, எதையோ பிடிக்கப் பதுங்கியதுபோல் இருக்கும். வருடம் முடிந்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் அதைப் பற்றிப் படித்தேன். கார்வெட்டோடு திருக்கை மீனின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உடம்பு தகரமில்லை, கடலில் போகும் வள்ளத்துக்கும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் போடுகிற ஃபைபர்தான். முன்விளக்குகள் பகலில் உள்ளே திரும்பி மறைந்துகொள்ளும். டிக்கிக்குக் கதவே கிடையாது. பெட்டியை சீட்டுக்குப் பின்னால்தான் திணிக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னால் என் வீட்டுக்காரர், "அப்படியா" என்பார். முப்பது வருடமாக அதே "அப்படியா".

போன சாரல் சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு அண்ணாச்சிக்கு வகுப்பு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில் முதல் கார் வாங்கியிருந்தார். நெரிசலில் பழகட்டும் என்று குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். சீசன் கூட்டம், வேன்மேல் வேன். திரும்புகிற வழியில் ஒரு டீக்கடைக்கு எதிரே ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, அங்கன என்னமோ வண்டி நிக்குது" என்றார் அண்ணாச்சி.

சிவப்பு நிறம். காலண்டரில் பார்த்த அதே சரிந்த பின்பக்கம், நான்கு வட்ட விளக்குகள். நான் என் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

காருக்குச் சொந்தக்காரர் எழுபது வயது இருப்பார். கதவைத் திறந்து வைத்து, இடது காலை வெளியே நீட்டிப் பிடித்துவிட்டபடி இருந்தார். பக்கத்தில் குடையோடு அவர் மனைவி. கோயம்புத்தூரிலிருந்து கொல்லம் போகிறவர்கள். தென்காசியில் அறை எடுத்து, அருவி பார்க்க வந்திருக்கிறார்கள்.

"ரெண்டு மணி நேரமா கிளட்சை மிதிச்சு மிதிச்சு காலு இழுத்துக்கிச்சுங்க. இனி முடியாது" என்றார்.

"நான் ஓட்டித் தாரேன் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னதே எனக்குத் தெரிந்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது லெஃப்ட் ஹேண்ட் டிரைவுங்க."

"எனக்கு அந்தப் பக்கம்தான் சார் பழக்கம்" என்றேன். டிரைவிங் ஸ்கூல் போர்டைக் காட்டினேன். கையால் மாற்றுகிற நாலு கியர், எட்டு சிலிண்டர் என்று தெரிந்ததைச் சொன்னேன். அவர் சாவியை நீட்டினார்.

இரண்டே இருக்கைதான். அந்த அம்மா ஆட்டோவில் ஏறினார்கள். எல்எல்ஆர் வைத்திருப்பவர் தனியாக ஓட்டக் கூடாது என்பதால், அண்ணாச்சி எங்கள் காரை ஓரங்கட்டிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தார்.

சாவியைத் திருப்பியதும் சத்தம் காதில் கேட்கவில்லை. முதுகுத்தண்டில் ஏறியது. கிளட்சை மிதித்தேன். எங்கள் காரைப்போல் நான்கு மடங்கு கனம். முழங்காலில் ஊசி குத்தியது. முதல் கியர், நிறுத்தம், முதல் கியர், நிறுத்தம். இன்ஜின் சூடு காலடியில் அடித்தது. முன்னால் ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டபடி ஒரு வேன். வெப்பமானியின் முள் ஏறுகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு முறை மர நிழலில் நிறுத்தி ஆறவிட்டோம்.

"வித்துருங்கன்னு ஊட்டுல சொல்றாங்க. வருஷத்துக்கு நாலு தரம்தான் எடுக்கறேன். எடுத்தா மூணு நாள் படுக்கை" என்றார்.

"பிறகு எதுக்கு சார்?"

அவர் டாஷ்போர்டை ஒரு தரம் துடைத்துக்கொண்டார்.

வழியில் மேலகரத்துக்கு முன்னால் வேன் பக்கச் சாலையில் திரும்பிப் போயிற்று. சாலை கொஞ்ச தூரம் காலியாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது கியர். கார் ஓடவில்லை, எங்களைத் தூக்கி எறிந்தது. நீண்ட அந்தச் சிவப்பு முன்பக்கம் சாரலைக் கிழித்துப் போனது. அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அரை நிமிடம்கூட இருக்காது. அடுத்து ஒரு வேகத்தடை. மறுபடியும் முதல் கியர்.

லாட்ஜ் வாசலில் நிறுத்தி இறங்கினால் கால் தரையில் ஊன்றவில்லை. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் காரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆட்டோவில் முன்பே வந்துவிட்ட அந்த அம்மா, எங்கள் இருவரையும் பார்த்து, "நல்லா இருக்குது போங்க" என்றார்கள். படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவர். நான் கைப்பையை எங்கள் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். செல்போன் அதற்குள். கேட்டால் அவர் போனில் எடுத்து அனுப்பியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அவரிடமே பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு வாங்கிக்கொண்டு பிரைவேட் பஸ் ஏறினேன். நின்றுகொண்டேதான் போனேன்.

அண்ணாச்சி மூன்று டீ குடித்திருந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ரொம்பக் கனம் அண்ணாச்சி. சூடு வேற. நடந்தே போயிருக்கலாம்."

"இதுக்கா இம்புட்டு ஆசப்பட்ட?"

"ஆமா" என்றேன். "இன்னொரு தரம் குடுத்தாலும் ஓட்டுவேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு சீட் பெல்ட்டைப் போட்டார். நான் போய் வந்த நேரத்தைக் கழித்தால் வகுப்பில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன்.