லூர்துசாமி துடைத்த தகடு

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில் சிக்னல் கிடைப்பது அடிவாரத்தில்தான். அன்று என் கைப்பேசிக்கு நம் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து முதலில் வந்து சேர்ந்தவை இரங்கல்கள். கூப்பிய கைகள், வாடாத ரோஜாக்கள், ‘ஆழ்ந்த இரங்கல்’. யாருக்கு என்பது மட்டும் தெரியவில்லை. இறந்தது யார் என்று கேட்பது நாகரிகமாக இருக்காது என்பதால் நானும் கூப்பிய கைகளை அனுப்பிவிட்டேன். பிறகுதான் மேலே நகர்த்திப் பார்த்தேன். நம் பள்ளியில் வணிகவியல் நடத்திய லூர்துசாமி. ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி.

அழுகை வரவில்லை. கள்ளக்குறிச்சியில் இறங்கி டீ குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அவர் வீட்டில் மீன்தொட்டி இருந்ததை நம்மில் பலர் அறிவோம். ஏன் இருந்தது என்று அறிந்தவர்கள் குறைவு. அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்குப் பார்வை நரம்பு கெட்டு, வெளிச்சமும் அதில் அசைகிற உருவமும் மட்டுமே தெரியும். கட்டிலருகே தொட்டியில் ஓர் ஆரஞ்சு மீன் நீந்துவது தெரியும். மனிதர் முகம் ஒன்றும் தெரியாது. நம் ஆசிரியர் அறை முகங்களைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பில்லை என்றேன். லூர்துசாமி சிரிக்கவில்லை.

தொட்டியின் மூடிக்குள், குழல்விளக்குக்கு மேலே, வளைந்த அலுமினியத் தகடு ஒன்று உண்டு. வெளிச்சத்தைக் கீழே திருப்புவது அதன் வேலை. நம் ஊர் போர்வெல் தண்ணீர் தெறித்து அதில் உப்பு பூத்து மங்கிவிடும். தகடு மங்கினால் அக்காவுக்கு மீன் இல்லை. முதல் தடவை லூர்துசாமி, ஈஸ்டருக்கு முன் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் தேய்க்கிற வீட்டு வழக்கப்படி, புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தார். பித்தளைக்குக் கிடைக்கும் உயிர்த்தெழுதல் அலுமினியத்துக்குக் கிடைக்கவில்லை. தகடு முழுக்கக் கீறல்.

“இன்னாங்க, தொட்டில மேகம் மூடிக்கினு கீது?” என்றார் அக்கா.

“ஈஸ்டர் வரட்டும், வெளுக்கும்” என்றார் இவர்.

எல்.இ.டி. விளக்கு மாட்டிப் பார்த்தார். ஊசி குத்துகிறது என்று அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டார். பிறகு என் யோசனைப்படி, பிரியாணி பார்சல் கட்டும் வெள்ளித்தாளைத் தகட்டில் ஒட்டினோம். அதன் சுருக்கங்களில் பட்டு வெளிச்சம் சிதறியது. அக்கா முகம் மலர்ந்தது. மறுநாளே லூர்துசாமி தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டார்.

“ஏன் சார்?”

“எத்தினி மீனு வாங்கியாந்தீங்கன்னு கேக்குறா சார். இல்லாத மீனுக்கெல்லாம் தீனி போடச் சொல்றா.”

கடைசியில் புதுத் தகடு வாங்கி மாட்டி, வேலையை முறையாகச் செய்யத் தொடங்கினார். சனிக்கிழமைதோறும் பிளக்கைப் பிடுங்கி, விளக்கு ஆறியதும் தகட்டைக் கழற்றிப் பின்பக்கம் கொண்டுபோவார். மெட்டல் பாலிஷ் தொட்டியில் விழுந்தால் மீன் செத்துவிடும் என்று பயம். நீர் கலந்த எலுமிச்சைச் சாற்றால் உப்பை எடுத்து, கழுவி, உலர்த்தி, பழைய வேட்டித் துண்டில் பாலிஷைத் தொட்டு மெதுவாக, ஒரே திசையில் தேய்ப்பார்.

“நம்ம மூஞ்சி தெரிஞ்சா போதும் சார். அத்தயே பாத்துக்கினு நிக்கக் கூடாது. மாட்டிட்டு வந்துடணும்” என்பார். எழுதுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அடக்கத்தன்று வீடு நிறையக் கூட்டம். உடல் வைத்த பிரீசர் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும் என்று யாரோ தொட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். எல்லோரும் பெட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் தொட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதும் கேட்டார்.

“அவரு போயிட்டது தெரியும் சார். மீனு எங்க போச்சு?”

பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து இணைப்புக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கம்மியா கீதே. ஆஸ்பத்திரில படுத்ததுலேர்ந்து தொடைக்கல இல்ல, அவரு?”

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. சனிக்கிழமை போனேன். வேட்டித் துண்டு பின்பக்கக் கொடியில் அவர் காயப்போட்டபடியே கிடந்தது. தேய்த்தேன். தகட்டில் ஒரு முகம் தெரிந்தது. நிற்காமல் உள்ளே போய் மாட்டினேன்.

“வந்துச்சு” என்றார் அக்கா.

லூர்துசாமியிடமிருந்து எனக்கு வந்தவை ஒரு வேட்டித் துண்டும் அந்தக் கிழமையும்தான். அவருக்கு இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்கிறவர்கள் சனிக்கிழமை தவிர வேறு நாள் பாருங்கள். அன்று எனக்கு வேலை இருக்கிறது.