பிறந்த இடம் என்றொரு வரி

நான்தான் அவரை மாட்டிவிட்டேன். கவனக்குறைவு என்று நினைத்துவிடாதே. தெரிந்தே, நிதானமாகச் செய்தேன்.

யுத்த காலம். கொழும்பில் விமானிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் காரியாலயத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் தமிழ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவளும் நான் ஒருத்திதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். நானோ மூன்று மொழிகளில் தட்டச்சு செய்தேன். தலை நிமிர்ந்துதான் நடப்பேன். நடக்கக்கூடாதா?

அந்த வருடம் அனுமதிப்பத்திரமாக இருந்த பழைய நீலப் புத்தகத்தை ஒழித்துவிட்டுப் பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டுவந்தார்கள். அட்டையில் புதிதாக ஒரு வரி: பிறந்த இடம். நாட்டின் பெயர் மட்டும் போதும் என்றது சுற்றறிக்கை. எல்லாருக்கும் அப்படியே போட்டேன்... ஒருவரைத் தவிர.

அவர் வெள்ளவத்தையில் தங்கியிருந்த இளம் விமானி. மாலைதீவில் வேலை கிடைத்திருந்தது. "வாங்கோ, இருங்கோ" என்றேன். தமிழ்ப் பெண்ணைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"தங்கச்சி எவடம்?"

"கொட்டாஞ்சேனை."

"அதில்ல... சொந்த ஊர்?"

"பதுளைப் பக்கம்."

"அட, தோட்டத்துப் பிள்ளையே!" சிரித்துவிட்டார். "எங்கட ஆக்கள் மாதிரியெல்லோ கதைக்கிறீர்! ஆர் பழக்கினது?"

யாரும் பழக்கவில்லை! பஸ்ஸில், கடையில், காரியாலயத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நானாகவே பழகிய வடக்குப் பேச்சு அது. ஒரு சிரிப்பில் என்னைத் திரும்பவும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ஊர்ப் பேர் வேண்டாம். ஐடென்டிட்டி கார்ட்டில மாமா எப்பிடியோ கொழும்பு எண்டு போடுவிச்சவர். இதில வேறமாதிரி வந்தால் செக்கிங்ல என்னை விடமாட்டாங்கள்."

"பயப்பிடாதீங்கோ அண்ணா" என்றேன்.

அவருடைய பழைய கோப்பில் பிறப்புச் சான்றிதழின் பிரதி இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் ஓர் ஊர். அந்த நாட்களில் செய்தி கேட்டவர் எவரும் மறக்கமுடியாத பெயர். சொந்த ஊர்தானே கேட்டீர்கள்? இதோ, உங்களுடையது! எழுத்தெழுத்தாக அடித்தேன். பொய் எழுதவில்லை. உண்மையைத்தான் எழுதினேன்... உண்மையை வைத்து ஒருவரை அடிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அட்டையை வாங்கிப் பார்த்தவரின் முகம் வெளிறியது. "ஐயோ, இதென்ன தங்கச்சி?"

"புது ஒழுங்கு அண்ணா. எல்லாருக்கும் இப்பிடித்தான். மாத்துறதெண்டால் ரெண்டு மாதம் செல்லும்."

அரைமணி நேரத்தில் மாற்றியிருக்கலாம். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்த வாரமே அவர் புறப்பட வேண்டியிருந்தது. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

பாமன்கடைச் சோதனைச்சாவடியில் பிடித்தார்கள். ஒரு அட்டையில் கொழும்பு, மற்றதில் வன்னி. அதோடு விமானம் ஓட்டத் தெரிந்த தமிழன்! சந்தேகப்படச் சிப்பாய்க்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் எங்கள் காரியாலயத்துக்குத் தொலைபேசி வந்தது. மேலதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்தார். சான்றிதழில் இருப்பதுதான் அட்டையிலும் இருந்தது. "சரியாகத்தான் செய்திருக்கிறாய்" என்றார். எனக்கு... பெருமையாக இருந்தது. ஆம், பெருமைதான்!

அடுத்த மழைக்காலத்தில் அவர் வந்தார். மெலிந்திருந்தார். நான் பேசியபோது வலது காதை என் பக்கம் திருப்பினார். தடுப்புக்காவலில் அடித்ததில் இடது காது கேட்பதில்லையாம். வைத்தியப் பரிசோதனையில் தேறவில்லை. இனிப் பறக்க முடியாது. அப்படியானவர்களின் அட்டையை வாங்கி அவர்கள் முன்னாலேயே வெட்ட வேண்டும். வெட்டினேன். இரண்டு பாதியையும் மேசையில் வைத்தேன்.

துண்டுகளைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "நீங்கள் என்ன செய்யிறது, தங்கச்சி. உங்கட பிழை இல்ல."

"ஓம் அண்ணா" என்றேன். "என்ர பிழை இல்ல."

அவர் வெள்ளவத்தையில்தான் இன்னும் இருக்கிறார். அங்கே பிரதான வீதியில் சில வேளைகளில் காண்கிறேன். அவருடைய இடது பக்கமாகவே கடந்துபோகிறேன். அவரிடம் சொல்லவேண்டியதை யாரென்றே தெரியாத உன்னிடம் ஏன் சொல்கிறேன்? மனம் திருந்தியா? இல்லை... உன்னால் என்னை ஒன்றும் செய்யமுடியாது என்பதால்.