ஜூம் இல்லாத லென்ஸ்

சித்தி எங்கள் வீட்டுக்கு வாழவந்தபோது கூடவே ஒரு கேமராவும் வந்தது. அடுத்த ஆடியில் அவளுடைய அண்ணன் சீர்த்தட்டோடு ஒரு லென்ஸையும் கொண்டுவந்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற குட்டி லென்ஸ். மதுரையில் தேடி அலைந்து வாங்கினாராம். அதைப் பார்த்து சித்தி சிரித்த சிரிப்பில் பாதிகூடத் தட்டில் இருந்த பட்டுச்சேலைக்குக் கிடைக்கவில்லை என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அந்த லென்ஸை யாருக்கும் பிடிக்கவில்லை. அதில் ஜூம் கிடையாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்காத லென்ஸ் எதற்கு என்று சித்தப்பாவே கேட்டார்.

"நாமதான் கிட்டப் போகணும்" என்றாள் சித்தி.

பெரியப்பாவின் மனக்குறை வேறு. புது டிராக்டர் வந்த அன்று அதற்கு மாலை போட்டு, முன்னால் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். சித்தி அந்த லென்ஸைப் போட்டு எடுத்தாள். பெரியப்பாவின் மீசையில் நரைத்த முடிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. பின்னால் நின்ற டிராக்டர் மட்டும் சிவப்புப் புகையாகக் கலைந்து கிடந்தது.

"ஏத்தா, டிராக்டரு எங்க?"

"பின்னாலதான் நிக்கிது. அது மங்குனாத்தான் உங்க மொகம் எடுப்பாத் தெரியும்."

"என் மூஞ்சிய ஊரே பாத்திருக்கு. டிராக்டரத்தான யாரும் பாக்கல."

எனக்கு மட்டும் அந்த லென்ஸ் மேல் தனிப் பிரியம். சித்தி அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஓட்டை விரிவதையும் சுருங்குவதையும் காட்டுவாள். "பூனைக்கண்ணு மாதிரி. வெளிச்சம் கொறைஞ்சா இது அகலமாத் தெறந்துக்கிரும்" என்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் தொழுவத்துக்குள் போய், பளிச்சென்று ஒரு வெளிச்சமும் அடிக்காமல், கன்றுக்குட்டியின் இமை மயிர் தெரிகிற மாதிரி எடுத்து வருவாள். நம் கண்ணுக்கே சரியாகத் தெரியாதது அந்தச் சின்னக் கண்ணாடிக்குத் தெரிகிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த வருடக் கோயில் திருவிழாக் கபடியில் கடைசி ஆட்டம் எங்கள் ஊருக்கும் சித்தியின் ஊருக்கும் என்று ஆகிப்போனது. அவள் பிறந்த ஊர் கடலாடிப் பக்கம். எங்கள் அணியில் பாடிப் போகிறவர்களில் சித்தப்பாதான் முதல் ஆள். அவர்கள் அணியில் பிடிக்கிறவர்களில் முதல் ஆள் சித்தியின் அண்ணன், எனக்கு மாமா முறை. இரண்டு ஊருக்கும் கபடி என்றால் வெறும் விளையாட்டு இல்லை. முன்னொரு காலத்தில் இதே மாதிரி ஓர் ஆட்டத்தில் வந்த சண்டையால் பெண் கொடுக்கல் வாங்கலே நின்றுபோய், சித்தியின் கல்யாணத்தில்தான் மறுபடி தொடங்கியிருந்தது.

முந்தைய ஆட்டங்கள் இழுத்துக்கொண்டே போனதில் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்குக்காக வரவேண்டிய ஜெனரேட்டர் கமுதி ரோட்டில் எங்கோ வண்டியோடு நின்றுவிட்டது. இருக்கிற வெளிச்சத்திலேயே ஆடி முடித்துவிடலாம் என்று பெரியப்பா மைக்கில் சொன்னார்.

பெண்கள் எல்லோரும் கோயில் மதிலோரம் நின்றோம். சித்தி கேமராவைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் தீக்குச்சி அளவுக்குத்தான் தெரிந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுகளத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "போயி சித்தியக் கூட்டிட்டு வாடி. ஆம்பளைக நிக்கிற எடத்துல அவளுக்கு என்ன சோலி."

நான் ஓடினேன். அதற்குள் சித்தி ஆண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், நடுக்கோட்டின் முனையில் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். தள்ளி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா ஏதோ சொல்ல மைக்கைத் தூக்கினார். நல்ல வேளை, விசில் ஊதிவிட்டார்கள்.

"சித்தி, அம்மா வரச் சொன்னாங்க."

"இங்கன உக்காரு. கோட்ட மிதிச்சிராத."

உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் என்னைக் கூப்பிட அம்மாவாலும் வர முடியவில்லை.

ஆட்டம் சமமாகவே போய், கடைசியாகப் பாடிப் போனவர் சித்தப்பா. ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மாமா பாய்ந்து அவர் கணுக்காலைப் பிடித்தார். சித்தப்பா குப்புற விழுந்து, மண்ணைக் கையால் வாரி வாரி நடுக்கோட்டைப் பார்த்து ஊர்ந்தார். என் காதோரம் கேமரா சடசடவென்று அடித்தது. அடுத்த நொடி எதிரணியே அவர்மேல் விழுந்து புரண்டதில், சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த கோடு இருந்த இடம் தெரியாமல் அழிந்துபோனது.

"கை கோட்டத் தாண்டிருச்சு" என்றது எங்கள் ஊர். "கோட்டுக்கிட்டயே வரல" என்றது அவர்கள் ஊர். நடுவராக வந்திருந்த பி.டி. வாத்தியார் ஆட்களுக்கு அந்தப் பக்கம் நின்றவர், ஒன்றும் பார்க்கவில்லை. செல்போனில் எடுத்த பையன்கள் ஓடிவந்து காட்டினார்கள். எல்லாவற்றிலும் கருப்பாக ஏதோ இழுவிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் நான் எழுந்து நின்று கத்தினேன். "எங்க சித்தி எடுத்திருக்காங்க."

அத்தனை பேரும் திரும்பினார்கள். சித்தி கேமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மெதுவாக அதைத் திருப்பி, தலையைக் குனிந்துகொண்டு பட்டனை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சீக்கிரம் தேடுங்க சித்தி."

ஒரு தடவை நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மாமாவை. நடுவர் கை நீட்டினார். அவள் அவரிடம் கொடுக்கவில்லை. நேரே மாமாவிடம் போய் நீட்டினாள்.

"அண்ணே, நீயே பாரு."

மாமா முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கேமராவைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எட்டிட்டாருய்யா மாப்ள. கோட்டுக்கு அங்கிட்டு ரெண்டு வெரல் கெடக்கு."

அவர் அணியில் ஒருவன் முணுமுணுத்தான். "கட்டிக்குடுத்த பிள்ள, புருசன் ஊருக்குத்தான எடுக்கும்."

"ஏலே, லென்சு நான் வாங்கிக் குடுத்தது. அது எந்த ஊருக்குலே வாக்கப்பட்டுச்சு?"

மடித்துக் கட்டிய வேட்டிகள் இறங்கின. அவர்கள் ஊர்க்காரர்களே முதலில் சிரித்தார்கள். நடுவர் விசில் ஊதி எங்கள் பக்கம் கையைத் தூக்கியதும் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. யாரோ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கோப்பையை வாங்கிய சித்தப்பா அதைக் கொண்டுவந்து, மண்ணில் உட்கார்ந்து புடவையெல்லாம் புழுதியாகிவிட்ட சித்தி கையில் கொடுத்தார். மதிலோரம் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். சத்தமாகப் போட்டவள் அம்மா.

பெரியப்பா கேமராவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். படத்தில் சித்தப்பாவின் முகம், மாமாவின் முகம், கூட்டம், கோயில் எல்லாம் புகை. வெள்ளைக் கோடும் அதைத் தாண்டிய விரல்களும் மட்டும், நகத்தில் ஒட்டிய மண் தெரிகிற அளவுக்குத் துல்லியம். "மத்ததெல்லாம் மங்குனாத்தான் இது எடுப்பாத் தெரியும்" என்று, தானே கண்டுபிடித்த விஷயத்தைப் போல, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மாமா எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார். சித்தி அவர் பக்கத்திலேயே நின்று, போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்கப் பரிமாறினாள். நான் வாசலில் நின்று, கத்திச் சொன்னது நான்தான், நான்தான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி படத்தைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் விடாமல் சொன்னேன்.

பல வருடம் கழித்து எனக்கென்று ஒரு கேமரா வாங்கினேன். அதில் பட்டனை அமுக்கினால் கடைசியாக எடுத்த படம்தான் முதலில் வருகிறது. நிமிர்ந்து சித்தப்பாவையும் மாமாவையும் பார்ப்பதற்கு முன்பே சித்திக்கு அந்த விரல்கள் தெரிந்திருக்கும். அவள் அன்றைக்கு எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை.