வீட்டுக்குப் போகாத தபால்

திண்டுக்கல்லில் நான் தபால் கவுன்ட்டரில் இருந்தபோது, சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு பெண் செவ்வாய்தோறும் வருவார். முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, அவசர நடை. நான் கேட்கும் முன்பே ஆதார் அட்டையை நீட்டிவிடுவார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் பதில் முகவரியாக எங்கள் அலுவலகத்தையே கொடுத்திருந்தார். அப்படி வரும் தபாலை ‘போஸ்ட் ரெஸ்டன்ட்’ என்போம். ஆள் வந்து கேட்கும்வரை வைத்திருப்போம். கெடு தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

“வீட்டுக்கே வரச் சொல்லலாமேம்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முன்னாடி வந்த இண்டர்வியூ கார்டை எங்க மாமியா அடுப்புல போட்டுருச்சு சார். நான் வேலைக்குப் போகக் கூடாதாம்.”

அடுத்து வந்த இண்டர்வியூ கார்டை எங்களிடம் வாங்கிக்கொண்டு போய்வந்தார். அதன்பின் பல வாரம் வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில் ஓர் உறை வந்தது. அந்தச் செவ்வாய் அவரைக் காணோம். கெடு முடியும் நாளில், கவுன்ட்டரை மூடப்போகும் நேரத்தில் ஓடி வந்தார். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே இருந்தாராம். நின்றபடியே உறையைப் பிரித்துப் படித்தார்.

“கெடைச்சிருச்சு சார். ஆஸ்டல் வார்டன் வேலை.”

“சந்தோஷம்மா. வீட்டுக்குத்தானே?”

“இல்ல சார், ஆஸ்பத்திரிக்குப் போறேன். அதுக்குக் கஞ்சி குடுத்துட்டு, இதை நானே படிச்சுக் காட்டணும்.”

கோபத்தில் சொன்னாரா, பாசத்தில் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.